பறக்கும் கம்ப்யூட்டர்

"கம்ப்யூட்டர் ஆமையா நகருதுன்னா கடைக்கு எதுக்கு? புது டிஸ்க்கை மாட்டி, விண்டோஸையும் என் மருமகளே ஏத்திடுவா" என்று மாமியார் அடித்துச் சொன்னாள்.

"ஓடிக்கிட்டிருக்கறதும் படுத்துடப்போகுது. அப்புறம் உன்னைத்தான் கேட்பேன்" என்றார் மாமனார்.

மதியம் தூங்கி எழுந்ததும், வேலை முடிந்திருக்கும் என்று அவரே கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார். "அடியே, பறக்குது! கடைக்காரனெல்லாம் இவகிட்டப் பிச்சை வாங்கணும்!"

மாமியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சமையலறைக்கு ஓடி மருமகளைக் கட்டிக்கொண்டாள். "என் மானத்தைக் காப்பாத்திட்டே, கண்ணு!"

மருமகள் நெளிந்தாள். "அத்தை, நான் தூசி மட்டும்தான் தட்டினேன். டிஸ்க் இன்னும் டப்பாவிலேயே இருக்கு."

மாமியார் கூடத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சாயங்காலம் மாமாவை வாக்கிங் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள மாட்டிடு. ஆனா இப்ப ஓடறதைவிட ரொம்ப வேகமா ஓட விட்டுடாதே, அவருக்குச் சந்தேகம் வந்துடும்!"