சாயோவின் மரம்

"இது என்ன மரம்னே தெரியாமலா மூணு மாசமா வளர்க்கறீங்க?"

குரோகி வாய்விட்டே கேட்டுவிட்டார். ஓமியா நகரில் முப்பது வருடமாகப் போன்சாய்த் தோட்டம் வைத்திருப்பவர். புதிதாக மரம் வளர்க்க வருகிறவர்களை நாலு வார்த்தை திட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

எதிரே நின்ற இனாபாவுக்கு எழுபது வயதிருக்கும். ஜூன் மாத மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. குடையைக் கையிலிருந்த மரத்தின் தொட்டிக்குப் பிடித்துக்கொண்டு வந்ததில் மனிதர் தொப்பலாக நனைந்திருந்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. சாயோதான் சந்தையில பார்த்து ஆசைப்பட்டு வாங்கினா. என் சம்சாரம். எப்படியாவது இதைக் காப்பாத்திக் குடுங்க. இது போச்சுன்னா எனக்கு எல்லாமே போச்சு."

குரோகி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இலையைத் திருப்பிப் பார்த்தார். சின்ன இலை, அடிப்பக்கம் மெல்லிய ரோமம். ஒரு கிளை நுனியில் இளஞ்சிவப்புப் பூ ஒன்று வாடித் தொங்கியது.

"சத்சுகி. கோடையில பூக்கிற ஜாதி. நரம்பு மட்டும் பச்சையா இருக்கு, மத்ததெல்லாம் மஞ்சள். வீட்டுல எங்க வச்சிருக்கீங்க?"

"படுக்கைக்குப் பக்கத்துல."

"நல்லா வச்சீங்க! குட்டையா இருக்குன்னு பொம்மைன்னு நினைச்சுட்டீங்களா? மரம்ங்க இது. வெயிலு, மழை, பனி எல்லாத்துலயும் வெளியிலதான் நிக்கணும்."

"சாயோ ராத்திரியில தனியா இருக்கப் பயப்படுவா. அதான்..."

அவர் மனைவி பயப்படுவதற்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குரோகிக்குப் புரியவில்லை. "அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"வந்திருக்காளே" என்றார் இனாபா.

குரோகி வாசலைப் பார்த்தார். ஒரு சின்ன வெள்ளைக் கார் மழையில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்ததால் உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"ஏன் வண்டியிலயே உட்கார்ந்திருக்காங்க? உள்ள வரச் சொல்லுங்க."

இனாபா சிரித்தாரே தவிர, அசையவில்லை. குரோகி தேநீர் ஊற்றிக் கொடுத்ததும், "இன்னொரு கோப்பை கிடைக்குமா? சாயோவுக்கு இந்த நேரத்துல டீ குடிச்சே ஆகணும்" என்றார்.

அந்தக் கோப்பையை அவர் காருக்கு எடுத்துப் போகவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "சூடா இருக்கு. மெதுவா" என்று யாரிடமோ தாழ்ந்த குரலில் சொன்னார்.

குரோகிக்கு முதுகில் சில்லென்றது. மறுகணமே மனசு கேட்காமல் இரக்கமும் வந்தது. பாவம், அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது. தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார் மனுஷன். அவள் ஆசையாக வாங்கிய மரத்தையாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

மூங்கில் குச்சியால் மண்ணைக் கிளறினார். "மண்ணுல என்னத்தைக் கலந்தீங்க? வெள்ளை வெள்ளையா இருக்கே."

இனாபாவின் முகம் மாறியது. "அதைச் சொல்லணும்னுதாங்க நானே..."

"நீங்க சொல்லவே வேணாம். முட்டை ஓட்டை இடிச்சுப் போட்டிருப்பீங்க. புதுசா வர்றவங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் பண்றாங்க. சத்சுகிக்குச் சுண்ணாம்பே ஆகாதுங்க. விஷம்!"

"விஷமா? அப்ப இது செத்துடுமா?"

"இப்படியே விட்டா இந்த மாசம் தாண்டாது. அரை மணி நேரம் குடுங்க, போதும்."

"நானும் கூட வரேன். சாயோ என்னை விட்டு..."

"வேர்ல கை வைக்கும்போது பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. அது என் பழக்கம். நீங்க டீயைக் குடிங்க."

பின்கட்டில் மரத்தைத் தொட்டியிலிருந்து பிடுங்கி, வேரை விரித்துப் பிடித்து, குழாயைத் திறந்தார். தண்ணீர் பால் போல வெளுத்து ஓடியது. யாரோ தன் பிடரிக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது போல இருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வரிசை வரிசையாக மரங்கள்தான் நின்றன. தனக்கே சிரிப்பு வந்தாலும் கை என்னவோ அவசரப்பட்டது. புது மஞ்சள் மண்ணை நிரப்பி, மரம் ஆடாதபடி கம்பியால் கட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது.

"பொழைச்சுடுச்சுங்க! வேர் நல்லா இருக்கு. மேல் மண்ணு காய்ஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க. ரெண்டு வாரத்துக்கு நிழல்ல, ஆனா வெளியில வைங்க. அடுத்த வருஷம் பூத்துக் குலுங்கும், பாருங்க."

இனாபா இரண்டு கைகளாலும் தொட்டியை வாங்கி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு அவர் தொட்டியில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை. முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"பேசமாட்டேங்கறாளே" என்றார். "குரோகி-சான், இதுல இருந்த பழைய மண்ணு எங்க?"

"ஒரு பொட்டு மிச்சம் வைக்காம கழுவிட்டேன். பெய்யற மழைக்கு இந்நேரம் வாய்க்கால் வழியா ஆத்துல கலந்திருக்கும்."

இனாபா தொட்டியை மார்போடு அணைத்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"எங்களுக்குப் பிள்ளைங்க இல்லை. அவளைக் கல்லறையில வச்சா எனக்கப்புறம் அங்க பூ வைக்கக்கூட ஆள் இல்லைன்னுதான், சாயோவை எரிச்சு எடுத்துட்டு வந்த எலும்பை நானே பொடி பண்ணி, அந்த மண்ணுல கலந்து வச்சிருந்தேன்."