தொப்பி விழுந்த நொடி

“‘அட் த டிராப் ஆஃப் எ ஹேட்’னு இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்லுவாக. யாருக்காச்சும் அர்த்தம் தெரியுமா?”

மைக்கில் கேட்டான் சகாயவினோத். புயல் காப்பகத்தில் கூடியிருந்த ஊரே திருதிருவென்று விழித்தது.

அன்று வெறும் ஒத்திகைதான். சைரன் ஊதியதும் கடற்கரைத் தெருக்காரர்கள் எல்லாரும் இங்கே வந்து சேர வேண்டும். ஊர்ப் பொறுப்பாளன் அவன். ஒத்திகை நல்லபடியாக முடிந்தால் குடியரசு தினத்தன்று கலெக்டர் கையால் சான்றிதழ் கிடைக்கும். தாசில்தார் வேறு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்குக் கேட்க வேண்டுமா?

“முந்தி அவுக ஊர்ல பந்தயம்னா ஒருத்தன் தொப்பியக் கீழ போடுவானாம். விழுந்த நொடியே ஓடணும். அப்படித் தயாரா இருக்கணும்னு அர்த்தம். இந்தா, எம் பொண்டாட்டி பிரெசில்லா, சைரன் ஊதுனதும் பையத் தூக்கிட்டு மொத ஆளா வந்துட்டாள்ல?”

தாசில்தார் கைதட்டினார். பிரெசில்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் யாகப்பம்மாள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். அவன் பக்கத்து வீட்டுக்காரி, தெருத் தெருவாக மீன் விற்பவள். சேலையெல்லாம் வியர்வை, காலெல்லாம் மணல். சகாயவினோத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் ஒருத்தியால் சான்றிதழே போய்விடும் போலிருந்தது.

“யக்கா, எல்லாரும் வந்து எம்புட்டு நேரமாச்சு! நெசப் புயலா இருந்தா இந்நேரம் ஒன்னயக் கடல் கொண்டுபோயிருக்கும்.”

கூட்டம் சிரித்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையைக் குனிந்தபடி அவன் அருகே போனாள்.

“தம்பி, வாசல்ல என் மீன் வண்டி நிக்கிது. படியேத்த ரெண்டு ஆள அனுப்பு” என்றாள் மெல்ல.

“மீன் வண்டியா? உசுரக் காப்பாத்திக்க வான்னா, யாவாரத்தத் தூக்கிட்டு வாரியா?”

மைக்கில் அது ஊருக்கே கேட்டது. மறுபடியும் சிரிப்பு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சத்தம் போடாத தம்பி. வெளிய வா, சொல்றேன்.”

“என்ன ரகசியம்? தாசில்தார் அய்யா முன்னாடியே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்!”

மைக்கை அவள் வாயருகே நீட்டினான். அவள் தயங்கினாள். சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“நடக்க முடியாத, ஒன்னயப் பெத்த அய்யாவத்தான் தம்பி, வண்டியில படுக்கப் போட்டுத் தள்ளிட்டு வந்தேன். நீங்க வீட்ட வெளிய பூட்டிட்டு வந்துட்டீக. அந்தப் பூட்ட ஒடைக்கத்தான் நேரமாயிருச்சு.”