போதும் என்று சொன்ன ஏற்பி

மூளையின் ஒரு மூலையில் இரண்டு நரம்புச் செல்கள் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. மூத்தது குளுட்டமேட் என்னும் துளிகளைத் தூவித்தான் இளையதோடு பேசும். துளிகள் அளவோடு போனால் பேச்சு. அளவு மீறினால் நஞ்சு. அந்த அளவைப் பார்ப்பதற்கென்றே, துளிகளைத் தொட்டு உணரும் ஓர் ஏற்பி மூத்ததன் நுனியில் குடியிருந்தது. துளிகள் கூடும்போதெல்லாம், "போதும், நிறுத்துங்கக்கா" என்னும்.

"வாயைத் திறக்க விடமாட்டியே" என்று மூத்தது சிடுசிடுக்கும். மற்றபடி அதனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருநாள் ரத்தம் வருவது திடீரென்று நின்றுபோனது. பயத்தில் செல்கள் எல்லாம் துளிகளை வாரிக் கொட்டின. மூத்ததும் கொட்டத் தொடங்கியது.

"வேண்டாங்கக்கா!" என்று ஏற்பி கத்தியது.

"தங்கச்சி தவிக்கிறாடா, விடு!"

"நீங்க கொட்டினா அவங்க பிழைக்க மாட்டாங்க."

ஏற்பி தன் பலத்தையெல்லாம் கூட்டி மூத்ததன் வாயை அடைத்தது. சுற்றிலும் பல செல்கள் மடிந்தன. ரத்தம் திரும்பி வந்தபோது இளையது உயிரோடிருந்தது.

"எல்லாரும் கத்துனப்ப நீ மட்டும் ஏன்க்கா பேசல?" என்று அது விசும்பியது.

"இங்க ஒருத்தன் இருக்கான். அவன் விட்டாத்தானே?"

"நல்ல ஆளைப் பிடிச்சு வச்சிருக்க!" என்று இளையது அழுகையினூடே சிரித்தது. மூத்ததும் சிரித்தது.

நடந்ததைச் சொல்ல ஏற்பிக்கு ஆசைதான். கேட்பதற்குத்தான் யாருமில்லை. ஆனால் அவர்கள் சேர்ந்து சிரித்து இதுவரை அது கேட்டதே இல்லை. மூத்தது சிரிக்கச் சிரிக்கத் துளிகள் அளவைத் தொட்டுவிட்டன. இன்னும் ஒன்றே ஒன்று போகட்டும் என்று ஏற்பி பேசாமல் நின்றது.