இரண்டாவது துடிப்பு

அறையில் இருந்தவர்கள்: அவள். பழைய நிரலை எழுதிய நாச்சிமுத்து. இரண்டு இதயப் பதிவுக் கருவிகள். ஒன்றில் அவருடைய நிரல், மற்றதில் அதையே அவள் மாற்றி எழுதியது.

திரையில் பச்சை விழுந்தது. அவளுடைய நிரல் சோதனையில் தேறிவிட்டது.

"அப்புறமென்ன அம்மிணி, கட்டி உடுங்க." சட்டைப் பொத்தானைக் கழற்றினார் நாச்சிமுத்து.

அவருடைய இதயம் எப்போதாவது ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது. அது பதிவானால்தான் மருத்துவர் மருந்து எழுதுவார்.

பழைய கருவி அதற்குள் நிரம்பிவிடும். ஒரு துடிப்புக்குச் சில பைட் போதும். அவரோ நினைவகத்தை ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு மட்டும் முகவரி கொடுத்திருந்தார். துடிப்புக்கு ஒரு கட்டம். ஓர் ஆளுக்கு ஒரு பேருந்து.

அவள் ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரி கொடுத்தாள். கட்டம் என்ற பெயரையே நிரலிலிருந்து அழித்தாள். அது புழங்கிய இடமெல்லாம் பிழை என்று கணினி கத்தியது. கத்திய இடமெல்லாம் திருத்தினாள்.

கத்தாத இடம்?

சோதனையைத் திறந்தாள். காலி நினைவகத்தில் ஒரே ஒரு துடிப்பை எழுதிப் படிக்கிறது. அது விழுவது பூஜ்ய முகவரியில்.

கட்டக் கணக்கிலும் அது பூஜ்யம். பைட் கணக்கிலும் பூஜ்யம்.

இரண்டாவது துடிப்பை எழுதச் சொன்னாள்.

சிவப்பு.

படிக்கும் பகுதியில் ஒரு வரி, முகவரியை இன்னும் ஐந்நூற்றுப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தது. பெயர் இல்லை, வெறும் எண். அதுதான் கணினி கண்ணில் படவில்லை.

அவர் எட்டிப் பார்த்தார். "நான் எழுதுனதுதானுங்க. அன்னிக்கு அவசரம்."

"உங்க நெஞ்சுக்கு நீங்களே வேட்டு வெச்சிருக்கீங்கண்ணா."

பெருக்கலை எடுத்தாள். நினைவகம் வழியும்வரை எழுதினாள், படித்தாள்.

பச்சை.

திருத்திய நிரலை அவள் ஏற்றித் தந்த புதிய கருவியை அவர் நெஞ்சில் கட்டிக்கொண்டார். பிறகு பழையதையும் எடுத்துக் கட்டினார்.

"இதுவும் இருக்கட்டும். ரெண்டு பொண்டாட்டிக்காரனாட்டம்."

அவள் கணினியை அணைத்தாள்.

கதவருகே அவர் நின்றார். சட்டைக்குள் கைவிட்டுப் பழையதைக் கழற்றினார். குடை மாட்டும் கொக்கியில் அதைத் தொங்கவிட்டார்.

கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. பூட்டு தானாக விழுந்தது.