சூரிச் வழியாக

“காக்கா, வெனிஸ் எந்த நாட்டுல இருக்கு?”

மூசா இப்படிக் கேட்டதும் கலீலுர் ரஹ்மானுக்கு நெஞ்சுக்குள் மிளகாயைக் கிள்ளிப் போட்டது போலிருந்தது. வெனிஸ் எங்கே இருக்கிறதென்று தெரியாதவன் வெனிஸுக்குப் போகிறான்.

“இத்தாலி.”

“அப்ப பாரிஸ்லேர்ந்து ரயில்லயே போயிரலாமா?”

“போயிரலாம்.”

பர் துபாயில் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் கடை திறப்பார்கள். பத்து நாளாக அந்த நேரத்தில் மூசா ஒரு நோட்டும் கையுமாக அவருடைய ஜவுளிக்கடைக்கு வந்துவிடுகிறான். இதே கடையில் சேலை மடித்தவன்தான். இப்போது சொந்தமாக இரண்டு கைக்கடிகாரக் கடை. அடுத்த வாரம் மனைவி உம்மு சல்மாவோடு பதினைந்து நாள் ஐரோப்பா. நாலு நாடு, ஒரே ரயில் பாஸ்.

“உங்கள விட்டா இதெல்லாம் யாரு காக்கா சொல்லுவா?”

அதுவும் உண்மைதான். ஐரோப்பாவில் எந்த ரயில் எங்கே எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கலீல் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஏழு வருஷம் கால அட்டவணை வாங்கிப் படித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் விசாவுக்கு எழுதிப் போட்டார். கிடையாது என்று பாஸ்போர்ட் திரும்பி வந்தது. வெளியே கேட்டவர்களிடம், “யாவாரத்த விட்டுட்டு எங்க போறது? வேணாம்னுட்டேன்” என்றார். உண்மை தெரிந்தது டிராவல்ஸ் சேதுமாதவனுக்கும், மனைவி சித்தி மரியத்துக்கும் மட்டும்தான்.

“பாரிஸ்ல எத்தன நாள் காக்கா?”

“மூணு. நாலாம் நாள் காலைல கிளம்பு. சாயங்காலம் சூரிச்.”

“அது?”

“சுவிஸ். அங்க ரெண்டு நாள் இரு. அப்புறம் மிலான் ரயில். வலது பக்க ஜன்னல்ல உக்காரு, ஏரி அந்தப் பக்கம்தான் வரும்.”

சொல்லும்போது தன் குரல் இளகுவது அவருக்கே கேட்டது. உடனே வயிறு எரிந்தது. அது அவர் பார்க்க வேண்டிய ஏரி.

மூசா குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். கலீல் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா மூன்றுக்கும் ஒரே விசா போதும். சுவிஸ் அப்போது இன்னும் அந்த விசாவில் சேரவில்லை, தனியாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லையில் ரயிலை விட்டு இறக்கிவிடுவார்கள். முதல் நாளே நாக்கு நுனி வரை வந்தது. அவர் விழுங்கிவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லையே, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெட்டியோடு மூசா பிளாட்பாரத்தில் விழித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் உம்மு சல்மாவும் நிற்பாளே என்று தோன்றியதும் அவ்வளவு நன்றாக இல்லை.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சோறு போட்டுக்கொண்டே சித்தி மரியம் கேட்டாள்.

“மூசாவுக்கு எல்லாம் எழுதிக் குடுத்தாச்சா?”

“ம்.”

“நாம போகாத ஊருக்கு அடுத்தவனுக்கு வழி சொல்லணும்னா பெரிய மனசு வேணும். உங்களுக்கு இருக்கு.”

கலீல் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார்.

“எங்க கிளம்பிட்டீக? மீன் அப்படியே இருக்கு.”

“மூசா வீட்டுக்கு.”

மூசா வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. கலீல் உட்காரவில்லை.

“சுவிஸுக்குத் தனி விசா வேணும் மூசா. இனிமே எடுக்க நேரமில்ல. பாரிஸ்லேர்ந்து நேரா மிலானுக்கு ஒரு ரயில் இருக்கு, அதுல போயிரு. நோட்டக் குடு, மாத்தி எழுதித் தாரேன்.” கையை நீட்டினார். “மறந்து போகல. தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்.”

மூசா ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் சுலைமானி டீயோடு வந்த உம்மு சல்மா முந்திக்கொண்டாள்.

“சுவிஸ் விசாவா? அதெல்லாம் எடுத்தாச்சே காக்கா. டிக்கெட்டு, ரூமு, எல்லாம் நம்ம சேதுமாதவன் அண்ணன் போன மாசமே போட்டுக் குடுத்துட்டாரு.”

“நீ சும்மா இரி” என்றான் மூசா.

போன மாசமே. மூசா நோட்டோடு கடைக்கு வர ஆரம்பித்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. அப்படியானால் ஒவ்வொரு மதியமும், எதிரில் உட்கார்ந்திருந்தவன், இவர் எதை விழுங்குகிறார் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறான்.

கலீல் சோபாவின் கையைப் பிடித்து உட்கார்ந்தார்.

“எல்லாம் முடிச்சு வச்சுக்கிட்டு எங்கிட்ட எதுக்குப்பா தெனமும் வந்து கேட்ட?”

மூசா ஒரு சட்டையை எடுத்து மடித்தான். பிரித்தான். மறுபடியும் மடித்தான்.

“விசா கிடையாதுன்னு வந்த அன்னைலேர்ந்து நீங்க ரயிலப் பத்தி ஒரு வார்த்த பேசல காக்கா. யாராச்சும் வந்து கேட்டா பேசுவீகன்னு நெனச்சேன்.”