பெயர் எழுதிய பக்கம்

அன்று காப்பி கொடுத்தேனா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.

கொடுத்திருப்பேன். தனுஷ்கோடி அண்ணன் வந்தால் கேட்காமலே கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் டம்ளரைத் திரும்ப எடுத்துப்போன நினைவு இல்லை.

அவர் தன் கைபேசியை மேசைமேல் வைத்தது நினைவிருக்கிறது. திரையை என் கணவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

திரையில் அண்ணனின் நாவல். அவர் எழுதிய ஒரே நாவல். கடைகளில் தீர்ந்துபோய் எவ்வளவோ காலமாகிறது.

முதல் பக்கம். அவருடைய சாய்ந்த, பெரிய கையெழுத்து.

‘பரமகுருவுக்கு. நீ சரி என்ற பிறகே இது அச்சுக்குப் போனது.’

பரமகுரு என் கணவர்.

என்ன பக்கம் என்று அவர் கேட்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தால் அப்போதே அவருக்கு நடுவில் ஒரு சாம்பல் வட்டம். ஓரங்களில்தான் உலகம்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், கண் முழுக்க இருட்டுவதற்குள் அந்த நாவலை இன்னொருமுறை வாசித்துவிட வேண்டும் என்றார். வேறெதையும் கேட்கவில்லை. நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். வாசிப்பது வேறு, கேட்பது வேறு என்றார்.

பார்வை மங்கிய வாசகர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது. புத்தகத்தை ஸ்கேன் செய்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள். திருட்டாகிவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு அத்தனை கவனம். சொந்தமாக அச்சுப் பிரதி வைத்திருப்பவருக்கு மட்டுமே கோப்பு. புத்தகத்தைக் கையில் பிடித்துப் படம் அனுப்ப வேண்டும். ஸ்கேன் செய்யக் கொடுத்தவரின் பெயர் எழுதிய பக்கமும் கோப்பில் அப்படியே இருக்க வேண்டும். பிரதி சொந்தமானது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த நாவலின் கோப்பு அங்கே யாரிடமும் இல்லை. எங்கள் பிரதியையே அனுப்பினார்.

முதல் பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பலாமே என்றேன்.

“பேரை மறைச்சாத்தான் களவு.”

புத்தகம் திரும்பி வந்தபோது அதன் முதுகு இல்லை. அறுத்து, தாள் தாளாக ஸ்கேன் செய்துவிட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

குழுவில் ஒருவர் அந்தக் கோப்பை யாருக்கோ அனுப்பினார்.

அந்த யாரோ எல்லோருக்கும் அனுப்பினார்.

சென்னையில் ஒரு பதிப்பகம் நாவலை மறுபடி போடுவதாக இருந்தது. அண்ணி போன பிறகு அண்ணனுக்கு அந்த ஒரு காத்திருப்புதான். கோப்பை அவருக்கு அனுப்பியதும் அந்தப் பதிப்பகத்தாரே. ஊரே சும்மா வைத்திருப்பதை நாங்கள் எதற்கு அச்சடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அதைச் சொல்லி முடித்துவிட்டு அண்ணன் சிரித்தார்.

“என்னடே, உலகம் பூரா உன் பேருதான் ஓடுது. ஆக்கினவன் பேரு அடுத்த பக்கம், தின்னவன் பேரு முதப் பக்கம்.”

என் கணவர் சிரிக்கவில்லை.

“அண்ணே, அவுக கையில புத்தகம் இருந்துச்சு. அதனாலதான்…”

“தெரியும் தங்கச்சி. கொடுத்தவனே நான்தான.”

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். ஒரே அடி.

இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதல்ல. கல்லூரிக் காலத்திலிருந்தே அவர்களுடைய நட்பில் பாதி அதுதான். அன்றைய மௌனத்தில் மட்டும் ஒருவர் இல்லாததுபோல் இருந்தது.

பிறகு அண்ணன் கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

“எழுத்து பெருசாத் தெரியுதாடே?”

கோப்பு வந்த அன்றே நாங்கள் திறந்து பார்த்திருந்தோம். ஸ்கேன் செய்தவருக்கு என்ன அவசரமோ. விரல்களால் விரிக்க விரிக்க எழுத்து பெரிதானது. பிறகு உடைந்தது. பிறகு வெறும் புகை. என் கணவர் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு வரிகூட அவரால் படிக்க முடியவில்லை.

முதல் பக்கத்தை மட்டும் படித்தார். கையெழுத்து பெரியது.

என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. ஓரத்தில் நான் தெரிந்திருப்பேன்.

தலையாட்டினார்.

“எதுவரைக்கும் வந்திருக்க?”

“முடிச்சிட்டேன்.”

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு எப்படி என்று கேட்பார் என நினைத்தேன்.

“அப்போ சரி.”

கைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து மட்டும் தலையசைத்தார்.

தனுஷ்கோடி அண்ணன் அடுத்த மாசியில் இறந்தார். நாவல் மறுபடி அச்சாகவில்லை. குழுவைக் கலைத்துவிட்டார்கள். என் கணவருக்கு இப்போது ஓரங்களும் இல்லை. தாள்கட்டு அலமாரியில் இருக்கிறது. ரப்பர் பேண்டு இளகி முதல் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

கோப்பு இன்னும் சுற்றுகிறது. யாராவது படிக்கிறார்களா, தெரியாது.

சில மதியங்களில் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, நான் வாசிக்கட்டுமா என்று கேட்பேன்.

முடிச்சிட்டேன் என்பார்.