ஆமெனுக்குக் காத்திருக்கும் நாய்கள்

காலை ஏழு மணி. எட்வின் பின்கதவைத் திறக்கிறான், சோற்றில் கோழிக் கழுத்தைப் பிசைகிறான், இரண்டு தட்டுகளில் போட்டு வைக்கிறான். நாய்கள் மைலோவும் கிச்சாப்பும் தட்டின் முன் உட்கார்ந்து அவன் வாயையே பார்க்கின்றன. ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன பிறகுதான் சோற்றைத் தொட வேண்டும் என்று அவன் மனைவி ரோஸ்லின் பழக்கி வைத்திருந்தாள். அவளை அடக்கம் செய்து மூன்று வாரமாகிறது. இதுவரை நாய்களுக்கு ஜெபித்துச் சோறு வைத்த மாமியாரும் நேற்று தன் ஊரான சிலிம் ரிவருக்குத் திரும்பிவிட்டார். "தின்னுங்க," என்கிறான். மலாயிலும் சொல்லிப் பார்க்கிறான்: "மக்கான் லா." கிச்சாப்பின் எச்சில் சிமெண்டுத் தரையில் சொட்டுகிறது. தட்டுகளைக் காலால் தள்ளுகிறான். நாய்கள் இரண்டும் நகர்ந்துபோய் அவற்றின் முன் மறுபடி உட்காருகின்றன. சோற்றில் ஈ மொய்க்கிறது. அவள் நினைவில்லாமல் கிடந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் ஜெபித்து ஜெபித்துச் சொல்லிச் சலித்த அந்த ஆமெனை இப்போது சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. வேலிக்கு அப்பால் துணி காயப்போடும் வீரம்மா அக்கா எட்டிப் பார்க்கிறாள். "ஒரு வார்த்தை சொன்னா வாயா தேஞ்சிரும் தம்பி? இரு, நான் சொல்றேன். ஆமென்." நாய்கள் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அவன் பக்கமே திரும்புகின்றன. "நெத்தியில திருநீறு இருக்குல்ல, நம்ப மாட்டேங்குது," என்கிறாள். அவன் கரண்டியைத் தொட்டியில் எறிகிறான். ரோஸ்லின் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய அன்று அவன் ஜெபிக்கவே இல்லை. சோம்பலில் வெறும் ஆமெனைச் சொல்லித் தட்டுகளை வைத்துவிட்டான். ஜெலாப்பாங்கில் இருக்கும் வேலைக்குக் கிளம்பியவள், மோட்டார் சைக்கிளை முடுக்கியபடி அவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "எனக்கு நேரமாச்சு லா. இன்னைக்கு நீங்க ஜெபம் பண்ணிப் போடுங்க, ஏமாத்தாம முழுசா."